ஹோல்டான்

வாஷர்தான், வேறொன்றும் பெரிதாக இல்லை, சமையலறைக் குழாய்க்குள் இருக்கிற ஒரு கறுப்பு ரப்பர் வட்டம், அது தேய்ந்துபோனதால்தான் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டே அவர் சிங்குக்குக் கீழே தலையை நுழைத்து வால்வை மூடினார், மூடிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், எழும்போது வழக்கம்போலத் தன் முழங்காலைப் பார்த்து, "உள்ள தள்ளிப் போங்கப்பா, ஏறுறவங்களுக்கு வழி விடுங்க" என்றார், நான் சிரிக்கவில்லை, தினமும் கேட்கிற ஜோக்குக்கு யார் தினமும் சிரிப்பார்கள்... அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ பள்ளிக்கூடப் புத்தகம், இலைகள் எப்படி மூச்சு விடுகின்றன என்று ஒரு பாடம். "புள்ளி, வால்வத் திறந்துடாத. வாஷர் வாங்கிட்டு வர்றேன்." புள்ளி என்றால் நான்தான். ஊரார் வைக்க மறந்த புள்ளியையெல்லாம் தேடித் தேடி வைக்கிறவள் என்று கல்யாணமான புதிதில் கேலியாகச் சொன்னது, அதுவே பெயராகி, பிறகு வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறாரோ என்று நான் பயப்படும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. "ம்" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தேனா... பார்த்திருப்பேன், சட்டையின் நிறம் ஞாபகம் இருக்கிறதே, அல்லது பிறகு ஆஸ்பத்திரியில் மடித்துக் கையில் கொடுத்த சட்டையை ஞாபகம் எடுத்துக்கொண்டுபோய் அந்தக் காலையில் அவருக்கு மாட்டிவிட்டதா, தெரியவில்லை. வாசலில் நாய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. "உனக்கு இன்னிக்கு சீட் இல்லடா, அந்தக் கடைக்காரன் உள்ள விட மாட்டான். சில்லறை, ஹோல்டான்." நாய் மிதியடியில் உட்கார்ந்தது. கதவு சாத்தும் சத்தம். நான் 'சுவாசிகின்றன' என்ற சொல்லுக்குள் விட்டுப்போன ஒரு 'க்'கைச் சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கடையில் அவர் சுண்டுவிரலைக் காட்டி இந்த சைஸ் என்று கேட்டாராம், கடைக்காரர் டப்பாவைத் துழாவி எடுத்துத் திரும்பினபோது அங்கிருந்த பெயின்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தாராம், என்ன சார் தண்ணி வேணுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று கையை ஆட்டினாராம், அவ்வளவுதான்.

"காதுல விழுதா, இல்ல நான் பாட்டுக்கு வாய்க்காலுக்குப் பேசிட்டு வர்றேனா?" என்றாள் ரேடியோ. விழுகிறது என்று தலையாட்டினேன். ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவர்தான், எங்கள் வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே, "புள்ளி, ரேடியோ வந்துடுச்சு, சத்தத்தக் குறைக்கிற திருகு எங்கேன்னு பாரு" என்பார், அவளும் சளைக்காமல், "கண்டக்டரண்ணே, உங்க பஸ்ஸு ஹாரன விட இது எவ்வளவோ தேவல" என்பாள். நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவளுடைய வேலை, குத்துகிற வலி தெரியாமலிருக்கப் பேசிப் பேசி, பேச்சே பழக்கமாகிவிட்டது என்பாள், ஊரில் பாதிப் பேருடைய ரத்தம் என் கையிலதான் என்று சிரிப்பாள். இன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டு வருகிறாள், எனக்கு எந்த இடத்தில் குத்தப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்த இடம் வரும்வரை பேச வேண்டும் அல்லவா. டவுன் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து, பெரிய ரோட்டைக் கடந்தால் அவளுடைய நாத்தனார் வைத்திருக்கிற செடி நர்சரி. வேறு பஸ் பிடித்தால் நேரே அங்கேயே போய் இறங்கலாம். "நடந்தே போலாம்டி, உன் மூஞ்சியில வெயில் பட்டு எத்தன நாளாச்சு" என்று கூட்டிவந்தாள். என் தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் சில்லறை, தலை மட்டும் வெளியே.

சில்லறை நடக்க மாட்டேன் என்கிறது. நடக்க முடியாமல் இல்லை, காலில் ஒன்றுமில்லை, டாக்டர் ஒவ்வொரு காலாக மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டார். அந்தக் காலையில் மிதியடியில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், கதவைப் பார்த்தபடி. தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டால் வேலையை முடித்துக்கொண்டு நேரே மிதியடிக்குத் திரும்பிவிடும், தட்டை மிதியடி ஓரத்தில் வைத்தால் தின்னும், நகர்த்தி வைத்தால் தட்டையே பார்க்காது, சங்கிலி மாட்டி இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு சறுக்கிக்கொண்டே வரும், நாய்க்குப் பதிலாக ஒரு பெட்டியை இழுப்பதுபோல. "ஏக்கம்தாம்மா, சரியாயிடும். மனுஷங்கள விட இதுங்களுக்கு ஜாஸ்தி" என்றார் டாக்டர். மனுஷங்கள விட என்று அவர் சொன்னபோது நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த ஏக்கம் எனக்கு ஒரு துணையாகத்தான் இருந்தது. காரியங்கள் முடிந்து, உறவுகள் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மகனும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டுத் தன் ஊருக்குப் போன பிறகு, அந்த வீட்டில் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களாக நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம், அது மிதியடியிலிருந்து, நான் மேசையிலிருந்து. மகன் ஃபோனில், "அம்மா, நீங்க அச்சகத்துக்குப் போயிட்டா அது நாள் முழுக்க ஒத்தையாக் கிடக்குது, பாவம்மா, பகல்ல ஆளு இருக்கிற இடமா பாத்து விட்டுடலாம்" என்றான். ரேடியோதான் இடம் பார்த்தாள். "அதோட மூஞ்சியப் பாத்துப் பாத்தே நீயும் ஒருநாள் மிதியடியில படுத்துக்கப்போற" என்றாள். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம், விடுவதா வேண்டாமா என்று அப்புறம் சொல்கிறேன் என்றேன். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பையை எடுத்தேன். ஆனால் அதன் தட்டையும் சீப்பையும் ஏன் பைக்குள் வைத்தேன்...

சில்லறை என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில், மழையில் நனைந்து, கைக்குட்டை அளவுக்கு இருந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார், என்ன இது என்றேன், "வாழ்நாள் முழுக்க இல்ல இல்லன்னு சொன்னேன் பாரு, இப்ப கெடச்சிருக்கு" என்றார். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தாலும் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. நாய்க்கு இரண்டே சொல்தான் கற்றுக்கொடுத்தார். ஹோல்டான் என்றால் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் உட்கார வேண்டும். ரைட் என்றால் கிளம்ப வேண்டும். எங்கள் பாஷை புரியாத யாராவது கேட்டால் என்ன நினைத்துக்கொள்வார்கள் என்பேன், "வண்டி புரிஞ்சிக்கிட்டா போதும்" என்பார். சாயந்திரம் இரண்டு பேரும் உலாவக் கிளம்பும்போது வெளியிலிருந்து சத்தம் கேட்கும், நான் உள்ளே ஏதாவது வேலையாக இருப்பேன், குக்கர் சத்தம்போல, பக்கத்து வீட்டு டிவிபோல அதுவும் ஒரு சத்தம், காதில் விழும், கவனத்தில் விழாது.

ரயில் பாலத்தைத் தாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். வாய்க்காலில் தண்ணீர் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, எதிர்க் கரையில் மின்கம்பிக் கோபுரங்கள் வரிசையாக, தூரத்தில் போகப் போகச் சிறுத்து... ரேடியோ ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்தாள். பையைப் புல்லில் சாய்த்து வைத்துத் திறந்துவிட்டேன், வா வெளியே, புல்லைப் பார், எறும்பைப் பார், உனக்குத்தான் எறும்பு என்றால் உயிராயிற்றே... வெளியே வந்தது, என் செருப்பின் மேல் உட்கார்ந்தது, வந்த வழியைப் பார்த்தது. அவ்வளவுதான். ரேடியோ மஞ்சள் கருவைக் கிள்ளி நீட்டினாள், அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திமிரு பாரு. கண்டக்டர் வளர்த்ததுல்ல, கரெக்டா குடுத்தாத்தான் வாங்கும்." சிரித்தேன். அவரைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்க முடிகிற ஒரே ஆள் அவள்தான், மற்றவர்கள் எல்லாரும் அவர் பெயர் வந்தாலே குரலைத் தாழ்த்துகிறார்கள், தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுவதைப் போல. கண்டக்டர் என்றதும் அச்சகத்தில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது, வரக் கூடாது, வந்துவிட்டது. அவருடைய படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள், அச்சகத்துப் பையன்கள் தாங்களாகவே செய்தார்கள், காசு வாங்கவில்லை, அடிக்கும் முன் ஒரு தாளை என்னிடம் நீட்டிவிட்டு, ஐயோ உங்ககிட்டயா நீட்டினேன் என்று ஒருவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். நான் வாங்கிப் படித்தேன். ஓய்வு பெற்ற நடத்துனர் என்றிருந்தது. பேனாவை எடுத்து 'ன'வைச் சுழித்து 'ந' போட்டேன். நடத்துநர். அவர் இருந்திருந்தால், "எந்த ந போட்டாலும் விசில் ஒண்ணுதான் புள்ளி" என்றிருப்பார், முன்பு ஒருமுறை அப்படிச் சொல்லியும் இருக்கிறார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இவள் அழ வேண்டிய இடத்தில் பிழை பார்க்கிறாளே என்றா... அது பிழை, அதனால் திருத்தினேன், என் கைக்கு வேறு என்ன தெரியும்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே" என்றாள் ரேடியோ. இதோ, குத்தப்போகிறாள். "அந்தக் கொழா. ஆள் அனுப்பட்டுமா? எங்க லேப்ல தண்ணி லைன் பாக்கிறவரு இருக்காரு, ஒரு ரூபா வாங்க மாட்டாரு. எத்தன நாளைக்குடி பாத்ரூம்லருந்து ஜக்குல சொமக்கப்போற? இடுப்பு போயிடும்." பார்க்கலாம் என்றேன். "என்னத்தப் பாக்கலாம்? அஞ்சு நிமிஷ வேல." தெரியும். வாஷர் மாற்றுவது ஐந்து நிமிஷ வேலைதான், அதற்கு வால்வைத் திறந்து மூடத் தெரிந்தால் போதும், எனக்கே தெரியும். ஆனால் அவர் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்... இதை எப்படி இவளிடம் சொல்வது, சொன்னால் என் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். சமையலுக்கும் பாத்திரத்துக்கும் குளியலறையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது ஒன்றும் கஷ்டமில்லை, நடையின் நீளம் எவ்வளவு, நாலு எட்டு, சொன்னதைக் கேட்கிற ஒரு பழக்கம், அவ்வளவுதான். நீங்கள் என்னிடம் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எல்லாரும்தான் அப்படிச் சொல்கிறார்கள், நம் பாஷையில் போறேன் என்று சொல்லிவிட்டு யாரும் போவதில்லை, போகிறவர்கள் எல்லாம் வர்றேன் என்றுதான் போகிறார்கள், பக்கம் பக்கமாகப் படித்த எனக்கு அதுகூடத் தெரியாதா என்ன. தெரிந்தும்...

பெரிய ரோட்டுக்கு ஏறினோம். பை கனத்தது, தோள் மாற்றினேன், ரேடியோ வாங்கிக்கொள்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன், இன்னும் கொஞ்ச தூரம்தானே நான் சுமக்கப்போகிறேன் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதே முடிவு எடுத்ததுபோல இருந்தது. ரோட்டைக் கடக்க நின்றோம். எதிரில் ஒரு பஸ் வந்து நின்றது, புழுதி அடங்கும் முன்பே ஒரு பெண் மூட்டையோடு இறங்கினாள், பின்னாலேயே ஒரு குழந்தை. பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், சின்ன வயசு, காதில் பேனா, கையை வெளியே விட்டு பஸ்ஸின் தகரத்தில் தட் தட் என்று இரண்டு தட்டு தட்டி, "ரை...ட்!" என்றார். பைக்குள் என்னவோ துள்ளியது. என் விலாவில் நகம் பட்டது. பிடிப்பதற்குள் சில்லறை பையிலிருந்து பாய்ந்து தரையில் விழுந்து, உருண்டு, எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தது. நடக்க என்றால் சும்மா இல்லை, வாலைத் தூக்கிக்கொண்டு, நேற்றும் முந்தாநாளும் நடந்ததுபோல, நாங்கள்தான் தாமதம் என்பதுபோல. "ஏய் ஏய் ஏய், புடிடி" என்று ரேடியோ ஓடினாள், நான் ஓடவில்லை, என் கால் ஓடவில்லை, நான் அந்த இடத்திலேயே நின்று, எங்கள் வீட்டு வெளிக்கதவில் மடக்கிய விரல் இரண்டு முறை தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு அடுத்த சத்தம், அவர் தொண்டையை இழுத்து, கொஞ்சம் ராகமாக... சாயந்திரம் சாயந்திரம் கேட்டது, குக்கர் சத்தத்தோடு சேர்த்து நான் ஒதுக்கிவைத்தது.

ஏக்கம் இல்லை. ஹோல்டான் என்று சொல்லியிருந்தார், ரைட் சொல்லவில்லை. அவ்வளவுதானா. அவ்வளவுதான். கிளம்பச் சொல்ல ஆள் இல்லாத வண்டியாக அது நின்ற இடத்தில் நின்றிருக்கிறது, அதை நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பாவம் பாவம் என்று தடவிக்கொடுத்திருக்கிறோம், டாக்டருக்குப் பணம் கொடுத்திருக்கிறோம், கண்ணில் தண்ணீர் நிற்கிறது பார் என்று ஒருத்தி சொன்னாள், நானும் பார்த்தேன், நின்றதே... ஒரு சொல். விட்டுப்போன ஒரு சொல். ஊரெல்லாம் விட்ட புள்ளியைக் கண்டுபிடிக்கிறவள் வீட்டில், மிதியடி மேல், அத்தனை நாள். ரேடியோ மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள், நாய் அவளுக்கு முன்னால் நடந்து வந்தது. சொன்னேன். ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள், பிறகு சிரித்தாள், ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ கண்டக்டரண்ணே... போறப்பவும் ட்யூட்டி பாத்துட்டுப் போயிருக்கீங்களே" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, வெட்கப்படத்தக்க வேறு ஒன்று வந்தது, கோபம் என்று சொல்ல முடியாது, ஏமாந்ததுபோல... அப்படியானால் நீ அவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையா, சில்லறை? அந்த பஸ்காரப் பையன் குரலுக்கும் அவர் குரலுக்கும் எவ்வளவு தூரம். குரல் வேண்டியிருக்கவில்லை உனக்கு, இரண்டு தட்டும் ஒரு சொல்லும் போதும், யார் வாயிலிருந்து வந்தாலும். வரும்போது டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசில்தான் ஊதினார், அதற்கு நீ அசையவில்லை. நாம் இரண்டு பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, மேசையிலிருந்து நான் உன்னைப் பார்க்கும்போதெல்லாம். அல்லது... சொன்ன சொல்லுக்காக அத்தனை நாள் உட்கார்ந்திருப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? தெரியவில்லை. நாய் என் காலுக்கு முன்னால் நடந்தது, பை தோளில் காலியாகத் தொங்கியது, காலிப் பைக்கும் ஒரு கனம் இருந்தது.

நர்சரி வாசலில் ரேடியோவின் நாத்தனார் கையெல்லாம் மண்ணாக நின்றுகொண்டிருந்தார். "வாங்க வாங்க, நடக்காதுன்னு சொன்னீங்க அண்ணி, இது ஓடுதே" என்றார். "அது ஒரு பெரிய கத. அவசரத்துல சொல்ல மாட்டேன்" என்றாள் ரேடியோ. பேர் என்ன என்று கேட்டார், சொன்னோம். "சில்லறையா? நல்லவேள, நோட்டுன்னு வெச்சிருந்தா யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க." பச்சை வலைக்கு அடியில் வெயில் பச்சையாக விழுந்தது, தொட்டிகள் வரிசை வரிசையாக, ஒரு குழாயிலிருந்து சிமென்ட் தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது, நான் அந்தக் குழாயைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். உள்ளிருந்து ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் எழுந்து வந்தது, இரண்டும் ஒன்றையொன்று சுற்றின, சில்லறை ஒரு குட்டையில் காலை விட்டது, எடுத்தது, மறுபடி விட்டது, பிறகு மண்மேட்டில் மூக்கை நுழைத்துத் தும்மியது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது அது கேட்டைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ரேடியோ என் காதருகே வந்து, "இனிமே நீயே வெச்சுக்கலாம்டி. அதான் நடக்குதே. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள். வைத்துக்கொள்ளலாம். கூட்டிக்கொண்டு போகலாம். போனால் அங்கே மிதியடி இருக்கிறது, கதவு இருக்கிறது, நான் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறேன். இங்கே கதவே இல்லை, ஒரு கம்பி கேட், அதுவும் சாத்துவதில்லை. பைக்குள் கையை விட்டுத் தட்டையும் சீப்பையும் எடுத்து மேடையில் வைத்தேன்.

"உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேன்னா, பக்கத்துல எதையாவது ரெண்டு தட்டு தட்டி ரைட்னு சொல்லுங்க, கொஞ்சம் இழுத்து" என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தட்டி, "ரைட்டு" என்றார். நாய் தலையைச் சாய்த்துப் பார்த்தது, இரண்டடி வந்தது. "அட! அப்ப உக்கார வைக்கணும்னா? அதுக்கும் ஏதாவது வெச்சிருப்பாரே அண்ணன்?" நான் சொல்ல வாயெடுத்தேன். உதட்டுக்கு வந்துவிட்டது. தொட்டிகளுக்கு நடுவே அது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. "அது... எனக்குத் தெரியாதும்மா" என்றேன். ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எத்தனை முறை எங்கள் வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள், கேட்டு அவளும் விளையாட்டுக்குச் செருப்போடு நின்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு காலப் பழக்கத்தில் ரேடியோ வாயை மூடி நான் பார்த்தது அப்போதுதான். கிளம்பினோம். நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, கேட்டருகில் நின்றது. குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தேன், அங்கே ஈர மண். "வர்றேன்டா" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும், வாயில் வேறு சொல் இல்லையே, யோசித்துச் சொன்னதில்லை, பொய்யாகவும் சொன்னதில்லை, கிளம்புகிற கால் தானாகச் சொல்கிற சொல்... உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? தாளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. கறுப்பு நாய் எங்கோ குரைத்தது, சில்லறை திரும்பி ஓடியது, நான் சொன்னதை அது கேட்டதாகக்கூடத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ். ரேடியோ ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, காலிப் பையைத் தன் மடியில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தகரத்தில் இரண்டு தட்டு, ஒரு குரல், வண்டி நகர்ந்தது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான், ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியும், வண்டி அவர் கையில் இருக்கிறது, ஆனாலும் பின்னாலிருந்து ஒருவர் சொல்லும்வரை கிளம்ப மாட்டார், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் மாட்டார். "வர்ற ஞாயித்துக்கிழம போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள் ரேடியோ என் நிறுத்தத்தில். சரி என்றேன். "நெசமாத்தான் சொல்றேன்." சரி என்றேன்.

கதவைத் திறந்தபோது வழக்கம்போல மிதியடியைத் தாண்டிக் கால் வைத்தேன், நாய் இல்லாத மிதியடியை. அதில் அது படுத்த இடம் மட்டும் பள்ளமாக, ரோமம் ஒட்டிக்கிடந்தது. உதறி வைக்கலாம், நாளைக்கு. மேசையில் தாள்கள் இருந்தன. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன், பானையில் அடித்தண்ணீர்தான் இருந்தது. சிங்குக்குக் கீழே குனிந்தேன், குனிந்தால் என் முழங்காலும் இப்போது சத்தம் போடுகிறது, வால்வின் பிடி தூசி படிந்து, அவர் கை கடைசியாகத் திருப்பிய கோணத்திலேயே இருந்தது. விரலை மடக்கி சிங்குக்குக் கீழுள்ள பலகையில் தட்டினேன். இரண்டு தட்டு. அடுத்து சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், எப்படி இழுக்க வேண்டும் என்பதுகூட இப்போது தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், யாருடைய குரலுக்காக என்று என்னையே கேட்டுக்கொண்டு... பிறகு ஜக்கை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்ப் பிடித்து வந்து பானையில் ஊற்றினேன். வால்வு மூடியேதான் இருக்கிறது.